கித்தாருக்குப் போட்ட திருகாணி

எங்கள் அப்பா வழியில் பெண்களுக்கெல்லாம் காதுச்சதை தடிமன். இப்போது அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. என் பேத்திக்கும் அதே காதுதான், பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒன்பது வயதில் அது பெரிய தொல்லை. கடையில் வாங்கிய கம்மலின் தண்டு என் காதுக்குள்ளேயே முடிந்துபோகும். பின்னால் திருகாணி பிடிக்க இடம் இருக்காது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு திருகுவார். அது சதையில் புதைந்து சீழ் வைக்கும். பாவம் என்று தளர்த்திவிட்டால் விளையாடும்போது எங்கேயாவது விழுந்துவிடும். கடைசியில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்தெருவில் நகை செய்கிற பத்தரிடம் கூட்டிப்போனார். பத்தர் என் காதை ஆட்டுக்குட்டியின் காதைப் பிடிப்பதுபோல் பிடித்துப் பார்த்தார்.

"காதுலயும் குத்தமில்ல, கம்மல்லயும் குத்தமில்ல. தண்டு குட்ட, அவ்வளவுதான்" என்றார். நீளமான தண்டு ஒன்றை வைத்து ஒட்டிக்கொடுத்தார். அப்புறம் அந்தக் கம்மல் கழன்றதே இல்லை.

காதைப் பற்றி இவ்வளவு சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நான் சொல்ல வந்தது என் மாமாவின் கித்தாரைப் பற்றி.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. எங்கள் வீட்டில்தான் இருந்தார். வார நாளில் பலகை லோரியில் ஏற்றி இறக்குகிற வேலை. சனி ஞாயிறு வந்தால் தலைக்கு எண்ணெய் வைத்து, பெரிய காலர் சட்டை போட்டுக்கொண்டு, கல்யாண வீடுகளில் வாசிக்கும் ஓர் இசைக்குழுவோடு போய்விடுவார். குழு, எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுகிற ஒருவருடையது. அவர் பண்டமாரானில் இருந்தார், பகலில் துறைமுகத்தில் கணக்கு எழுதுகிற கிராணி. கித்தாரும் மாஸ்டருடையதுதான். சிவப்பு நிறம், எலக்ட்ரிக். கைக்குழந்தையைவிடக் கனமாக இருக்கும். வீட்டில் கரண்டில் மாட்டாமல் மாமா வாசித்துப் பழகும்போது கொசு பாடுவது மாதிரி கேட்கும். நான் அப்போது பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். அம்மா வேலைக்குப் போனார், என் சின்னத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. அதனால் அந்தக் கொசுப்பாட்டை அதிகம் கேட்டவள் நான்தான்.

கித்தாரோடு வந்த பிளாஸ்டிக் பெல்ட் மாமாவின் தோளை அறுத்தது. ஒருநாள் அதுவே அறுந்தும் போனது. மாமா அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னாலிருக்கும் நடைபாதையில், சப்பாத்து தைக்கும் சீனத் தாத்தாவிடம் சொல்லி, தடித்த மாட்டுத் தோலில் அகலமாக ஒரு வார் வெட்டி வாங்கிவந்தார். அப்பா ரயில் பெட்டிகளைக் கோத்து விடுகிற வேலையில் இருந்தவர். வாரை வளைத்துப் பார்த்துவிட்டு, "இத எங்க யார்டுக்குக் குடுத்துடுடா, பெட்டி இழுக்கலாம்" என்றார்.

வார் அறுந்துபோகவில்லை. அதன் குணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கித்தாரின் இரண்டு பக்கமும் வாரை மாட்டுவதற்குச் சின்னதாகக் குமிழ் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தக் குமிழின் கழுத்து மெல்லிய பெல்ட்டுக்கென்று வைத்தது. இந்தத் தோலின் துளையை அதில் திணித்தால் பாதித் தோல் குமிழின் தலைக்கு மேலேயே நிற்கும். நேராக நின்று வாசித்தால் ஒன்றுமில்லை. கொஞ்சம் குனிந்து நிமிர்ந்தால் நழுவிவிடும். மாமாவோ நேராக நின்று வாசிக்கிற ஆளில்லை.

காப்பார் என்ற ஊரில் ஒரு பரிசம் போடும் வீட்டில் அது நடந்தது. பாட்டு நடுவில் வார் கழன்று, கித்தார் முகங்குப்புறச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. கம்பி முறுக்கும் சாவி ஒன்று உடைந்து, ஓரத்தில் சிவப்புச் சாயம் பெயர்ந்துவிட்டது. மாஸ்டர் கூட்டத்துக்கு முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. வேனில் ஏறிய பிறகுதான் சொன்னாராம்: "இன்னொரு தடவ விழுந்துச்சுனா, கித்தார என்கிட்ட குடுத்துட்டு பாக்ஸ் தூக்க வா. கோவிச்சுக்காத தம்பி." மாஸ்டர் சொன்னால் சொன்னதுதான். ஒலிபெருக்கிப் பெட்டி தூக்குவதற்கு மாமாவுக்கு மேடை எதற்கு? வாரமெல்லாம் தூக்குவதுதானே அவர் வேலை.

அடுத்த கல்யாணம் கிள்ளானில். அதற்கு முந்தின வாரம் மாமா பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து கித்தாரோடு மல்லுக்கட்டினார். ராஃபியா பிளாஸ்டிக் கயிறு கட்டிப் பார்த்தார், வழுக்கியது. கம்பி சுற்றினார், சட்டையைக் கிழித்தது. அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்து, "ஆணி அடிச்சிடு, சனியன் விட்டுது" என்றார். "உங்க ரயிலுக்கு அடிங்க மச்சான்" என்று மாமா முனகினார். முகத்தில் சிரிப்பே இல்லை.

நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது என் காது மாதிரியே தெரிந்தது. "மாமா, தோலு தடிப்பு, தண்டு குட்ட. பத்தர்கிட்ட போனா நீளத் தண்டும் திருகாணியும் வச்சுக் குடுப்பாரு" என்றேன்.

அம்மா உள்ளேயிருந்து, "அவ கிடக்கா, நீ வேற வேலயப் பாரு" என்றார். மாமா வேறு வேலையைப் பார்க்கவில்லை. குமிழைப் பார்த்தார், என் காதைப் பார்த்தார். என்னைக் கிட்டே கூப்பிட்டுக் கம்மலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ச் சட்டையை மாட்டினார். "கிளம்பு" என்றார்.

பத்தர் சுலபத்தில் மசியவில்லை. "தங்கம் தொடுற கை இது. பித்தளையில வைக்கச் சொல்றியா? அதுவும் கூத்துக்கார சாமானுக்கு" என்றார்.

"உங்களால முடியாதுனா பரவால்ல பத்தரே, சைக்கிள் கடையில கேட்டுக்குறேன்" என்று மாமா சாதுவாகச் சொன்னார்.

பத்தர் கண்ணாடியை மூக்கிலிருந்து நெற்றிக்கு ஏற்றினார். "சைக்கிள் கடையிலயா? குடு இப்படி."

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. பித்தளை ஸ்க்ரூ ஒன்றின் தலையை அறுத்தார். அதன் மேல்பாதியில் திருகாணி ஏறுவதற்கு மெல்லிய மரை வெட்டினார். கீழ்ப்பாதி கித்தார் மரத்துக்குள் இறங்கும். மேல்பாதி தோலின் துளை வழியாக வெளியே வரும். அதன் மேல் வட்டத் தகடு ஒன்று, தகட்டின் மேல் திருகாணி. கம்மல் எப்படியோ அப்படியேதான், அளவு மட்டும் பெரிசு; கம்மல் போலவே இதையும் ஒரு ஜோடியாகச் செய்தார். வெறும் தகடாக விட அவருக்கு மனசு வரவில்லை. சின்ன உளியால் ஓரம் முழுக்கப் பூவிதழ் செதுக்கினார். கித்தாரின் பழைய குமிழ்களைக் கழற்றிவிட்டுப் புதுசை முடுக்கும்போது, ஆடாமல் பிடிக்க ஆள் வேண்டும் என்றார். நான் சப்பணம் போட்டு உட்கார்ந்து கித்தாரை மடியில் வைத்துக்கொண்டேன்.

"காது குத்துறப்போ தாய்மாமன் மடியில உக்காத்துவாங்க. இங்க எல்லாம் தலைகீழா இருக்கு" என்றார் பத்தர். மாமா அப்போதுதான் அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

கிள்ளான் கல்யாணத்துக்கு என்னையும் கூட்டிப்போவேன் என்று மாமா பிடிவாதமாக நின்றார். "யோசன சொன்னவ வரணும்க்கா" என்றார். அம்மா எனக்குப் பாவாடை சட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்தார். வேனில் தாளக்கருவிகளுக்கு நடுவில் என்னை உட்காரவைத்தார்கள். டிரம் அடிக்கும் அண்ணன் கித்தாரைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார். "என்ன லா இது, கித்தாருக்கு காதுகுத்துச் சடங்கா? மொட்டை எப்ப, கடா வெட்டு எப்ப?" வேனே சிரித்தது. நான் முறைத்தேன்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. திருகாணியை விரலால் தட்டிப் பார்த்தார். "மரத்துல முடுக்குன ஸ்க்ரூ. ஆட்டத்துல பிடுங்கிட்டு வந்தா என்ன பண்ணுவ?" என்றார். சட்டைப் பையிலிருந்து தடித்த ரப்பர் வளையம் இரண்டை எடுத்தார். சோடா பாட்டில் மூடியில் வருகிற வளையம். பழைய குமிழைப் போட்டு, தோலை அமுக்கி, மேலே இதை மாட்டிவிட்டால் நழுவாது, கோலாலம்பூர் கிளப்பில் வாசிக்கிறவர்கள் எல்லாம் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார். பழைய குமிழ்கள் மாமாவின் பையிலேயே இருந்தன. மாற்ற ஐந்து நிமிஷம் ஆகாது.

மாமா வளையத்தைக் கையில் வாங்கினார். அதை இழுத்துப் பார்த்தார். அப்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் முகத்தை எப்படி வைத்திருந்தேனோ தெரியாது.

"இருக்கட்டும் மாஸ்டர். எங்க அக்கா மக சொன்னதுலயே வாசிக்கிறேன்" என்று வளையத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு மாஸ்டர்."

எனக்கு மாஸ்டர் மேல்தான் கோபம். இவ்வளவு அழகான பூத் தகடு இருக்கும்போது சோடா பாட்டில் ரப்பரை நீட்டுகிறாரே, என்ன மனுஷன் இவர் என்று நினைத்தேன்.

மேடைக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கிப் பெட்டிமேல் என்னை ஏற்றி உட்காரவைத்தார்கள். சாப்பாடு பந்தி முடிந்து ஆட்டப் பாட்டு ஆரம்பித்ததும் மாமா குனிந்தார், நிமிர்ந்தார், பின்னால் வளைந்தார். கித்தார் அவர் உடம்போடு ஒட்டிக்கொண்டு ஆடியது. அப்போது மாப்பிள்ளைத் தோழன் ஒருவன், நன்றாக ஏற்றிக்கொண்டவன், மேடைமேல் பாய்ந்து ஏறினான். மாமாவைக் கட்டிப்பிடிக்கப் போய், கால் தடுமாறி, வாரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தொங்கினான். மாமா ஒரு பக்கமாகச் சாய்ந்துபோனார். மாஸ்டர் ஆர்மோனியத்திலிருந்து பாதி எழுந்துவிட்டார். வாரும் போகவில்லை, தண்டும் வரவில்லை. மாமா ஒரு சுரம்கூட விடாமல் நிமிர்ந்தார். தோழனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். மாஸ்டர் உட்கார்ந்துவிட்டார்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் மாஸ்டர் என்னிடம் ஒரு தட்டு லட்டு கொண்டுவந்து கொடுத்தார். "தங்கச்சி, அந்தப் பத்தர்கிட்ட சொல்லி நம்ம பேஸ் கித்தாருக்கும் காது குத்திடலாமா?" என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையாகவே அப்படித்தான் சொன்னேன்.

மாமா அதற்குப் பிறகு பல வருஷம் அந்தக் குழுவில் வாசித்தார். பெண் கொடுத்தவர்கள்கூட அவரை முதலில் பார்த்தது மேடையில்தான். ஆனால் எனக்கு மனசில் நின்றது வேறு ஒன்று. அன்றைக்கு ஒவ்வொரு பாட்டு முடிந்தபோதும் மாமாவின் வலது கை மார்புப் பக்கம் போய், அந்தப் பூத் தகட்டைத் தொட்டுத் தொட்டு வந்தது. கூட்டத்துக்குக் காட்டுகிறார், பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிற என்னைக் காட்டுகிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அவர் கை போகும்போதெல்லாம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். பாக்கு வெற்றிலை வாங்கிய பெண்கள் யார் இந்தப் பிள்ளை என்று கேட்கவேண்டும் என்று ஆசையாக இருந்தது.

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பெரியவன் லைசென்ஸ் எடுத்த மறுநாள், "வாங்கம்மா, நான் கொண்டுபோய் விடுறேன்" என்று மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தினான். பஸ்ஸில் போகலாம்தான், பஸ் ஸ்டாப் எதிரிலேயே இருந்தது. நான் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தேன். பெரிய ரோட்டில் லோரிகள் உரசிக்கொண்டு போயின. "பயமா இருக்காம்மா?" என்று கேட்டான். "நீ ஓட்டுறப்போ எனக்கு என்ன பயம்" என்றேன். சொன்ன வாய் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. கை மட்டும் சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியைத் தேடித் தேடிப் போனது.

பாதி வழியில் என் கையை நானே பார்த்தேன். மாமாவின் கை ஞாபகம் வந்தது. அந்த ராத்திரி முழுக்க அவர் எதையும் யாருக்கும் காட்டவில்லை. பிடுங்கிக்கொண்டு வந்துவிடுமோ என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட ஒரு பெண்பிள்ளையின் பேச்சை நம்பி வாசித்தார். ஒவ்வொரு தடவை தொட்டுவிட்டுக் கையை எடுக்கும்போதும் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.