தழும்பில்லாத கை

சாமிதுரை அம்மை குத்த வருகிறார் என்று தெரிந்தால் விருத்தாசலத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு அவசரமாக மாமன் வீட்டில் வேலை வந்துவிடும். பிடிபட்டவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவர் தலை மறைந்ததும் குத்திய இடத்தில் சாம்பலைத் தேய்த்துக் கழுவிவிடுவார்கள். குத்தினால் காய்ச்சல் வரும் என்ற பயம்தான். இத்தனைக்கும் மனுஷர் நல்லது செய்யத்தான் நாயாக அலைந்தார்.

1974இல் பீங்கான் சூளையில் வேலை பார்த்த பரக்கத்துல்லாவுக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. கப்பலேற அம்மை குத்திய சான்று வேண்டும். திங்கட்கிழமை காலை அவன் தாய் பதுருன்னிசா அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தாள். முன்பே குத்திய தழும்பு இருந்தால், மறுபடி குத்திய அன்றே சான்று செல்லும். முதல் தடவை என்றால் கொப்புளம் எழும்ப வேண்டும், எட்டு நாளும் கழிய வேண்டும். சாமிதுரை அவனுடைய இரண்டு கைகளையும் தடவிப் பார்த்தார்.

“இவனுக்குச் சின்னதுல நானே குத்தினேன், தங்கச்சி. என் விரலக் கடிச்சான். தழும்பு எங்க போச்சு?”

பதுருன்னிசா தலையைக் குனிந்தாள். “சாம்பல் போட்டுக் கழுவிட்டேங்கண்ணே.”

பழைய தேதி போட்டுத் தரச்சொல்லிக் கெஞ்சினாள். கப்பல் புறப்படும் பம்பாயில் தேதியோடு கையையும் பார்ப்பார்கள் என்று அவர் மறுத்துவிட்டார். ரயில் ஞாயிற்றுக்கிழமை, கப்பல் அதற்கடுத்த புதன்கிழமை. எட்டு நாள் செவ்வாயோடு முடிந்துவிடும். ஆனால் ரயிலேறுவதற்குள் கொப்புளம் எழும்பாவிட்டால் கப்பலும் போச்சு, வேலையும் போச்சு. சாமிதுரை அப்போதே குத்தினார்.

அந்த ஆறு நாளும் அவள் மகன் கையைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தாள். தண்ணீர் பட விடவில்லை, ஈ உட்கார விடவில்லை. ஐந்தாம் நாள் அவனுக்கு உடம்பு கொதித்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதற்குச் சந்தோஷப்பட்ட தாய் ஊரிலேயே அவள் ஒருத்திதான். ஞாயிறு காலை கொப்புளம் நன்றாகத் திரண்டு நின்றது. டாக்டர் முத்திரை வைத்தார், பரக்கத்துல்லா ரயிலேறினான். சாமிதுரைக்குத் தன் பிள்ளையே போவதுபோல மனம் நிறைந்துவிட்டது.

மறுவாரம் அந்தத் தெருவுக்கு அவர் அம்மை குத்தப் போனார். பதுருன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்து, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“தாஜு, புள்ளையக் கொண்டா. கொப்புளம் எழும்புற வரைக்கும் தெனமும் உன் வூட்டுலதான் நான் குந்தியிருப்பேன்.”

அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று போய்க்கொண்டே இருந்தாள். மதியத்துக்குள் சாமிதுரை கொண்டுவந்த மருந்து தீர்ந்துபோயிற்று. வேலைக்கு வந்த பதினாறு வருஷத்தில் அது முதல் தடவை.