பெரியப்பா பாக்கட்டும் மொதல்ல

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் என் பதினாறு வயது மகளுக்கு ஒரே ஒரு கோரிக்கைதான்: ஓநாய் பார்க்க வேண்டும். வெந்நீர் ஊற்றுகளைப் பற்றி அவள் கருத்து, தண்ணீர் கொதிக்கும், அப்புறம் ஆறும். எங்கள் ஊரான கேட்டியிலிருந்து இவ்வளவு தூரம் வந்து நான்கு நாட்களாகக் காட்டெருமைகளின் பின்புறத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் மனைவியின் அக்காவும் அவர் கணவரும், அதாவது என் சகலையும், அவர்கள் ஊரான பார்சிப்பனியிலிருந்து வந்து சேர்ந்திருந்தார்கள். கடைசி நாள் காலை எல்லோரும் ஒரு மேடு ஏறினோம். வழிகாட்டிப் பலகை அரை மைல் என்றது. என் முழங்கால் அதைப் படியில்லாத பழனி என்றது. உச்சியில் ஒரு அமெரிக்க மூதாட்டி, முக்காலியில் தொலைநோக்கியை நிறுத்தி எதிர்ச்சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு கறுப்பு ஓநாய் நிற்கிறதாம். வெறுங்கண்ணுக்குக் கடுகளவுகூடத் தெரியவில்லை. மகளின் முகத்தைப் பார்த்ததும், வந்து பார் என்று நகர்ந்து இடம் விட்டார்.

அவள் பாய்ந்தாள். நான் தோளைப் பிடித்து நிறுத்தினேன். பந்தியில் பெரியவர்களை முதலில் உட்காரவைத்துப் பழகிய கை. மூளையைக் கேட்டுக்கொண்டு நீளுவதில்லை.

"இரும்மா, பெரியப்பா பாக்கட்டும் மொதல்ல."

"சேச்சே, குழந்த பாக்கட்டும் சகல."

"அட, நீங்க பாருங்கண்ணா."

"நான் என்ன ஓநாயே பாக்காதவனா? தினம் மீட்டிங்ல எதிர்லதான உக்காந்திருக்கு."

"அக்கா, நீயாவது பாரேன்," என்றாள் என் மனைவி.

"எனக்கென்னடி அவசரம்? பாப்பா பாக்கட்டும்."

எல்லோரும் அவளைத்தான் சொன்னார்கள். விடாதவன் நான்தான். கடைசியில் என் தொல்லை தாங்காமல் சகலை குனிந்து, பிடிமானத்துக்குத் தொலைநோக்கியையே பிடித்தார்.

"ஆகாசம்தான் தெரியுது."

மூதாட்டி மறுபடி சரிசெய்து கொடுத்தார்.

"தெரு நாய் மாதிரிதான் இருக்கு," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு சகலை எழுந்தார். அடுத்து அக்கா, கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை, மாட்டி ஒருமுறை. மகள் குனிந்தபோது சரிவில் புல் மட்டும் இருந்தது. ஓநாய் மரங்களுக்குள் போய்விட்டது.

"சீரியஸ்லி, அப்பா?" என்றாள். அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

சகலை கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப கிளம்பினாதான் மத்தியானம் அந்தப் பெரிய ஊத்து பொங்கறதப் பாக்கலாம். வாங்க."

"நீங்க மூணு பேரும் உங்க கார்ல போங்கண்ணா. நாங்க வரல."

"கோவமா சகல?"

"உங்க மேல இல்ல."

கல்யாணமான நாளிலிருந்து சகலையிடம் நான் சொன்ன முதல் மறுப்பு அது. என் மனைவி என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மகள் என்னோடு பேசவில்லை, கொசுக்கள் பேசின. திடீரென்று மூதாட்டி கையை அசைத்தார். மகள் ஓடிப்போய்க் குனிந்தாள். இந்த முறை என் இரண்டு கைகளையும் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

கால் மணி நேரமாகியும் அவள் நிமிரவில்லை.

"ஓநாய் என்னம்மா பண்ணுது?"

"ஸ்லீப்பிங்."

"எழுந்ததும் அப்பாவக் கூப்பிடு. ஒரு வாட்டி பாத்துக்கறேன்."

கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "எழுந்தா ஐ வில் பி பிஸி, அப்பா."