கொண்டை ஊசி வளைவில் பிரேசில்

இன்று செம்மேட்டிலிருந்து மலையிறங்கும் பேருந்தில் முன் இருக்கை கிடைத்தது. ஓட்டுநர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“ஏனுங்க சார், பேப்பர்ல ஃபுட்பால் எழுதறது நீங்கதானுங்களே? இந்த வாட்டி உலகக் கோப்பை யாருக்குங்க?”

“பிரான்ஸ், ஸ்பெயினுக்கு வாய்ப்பு அதிகம். மொராக்கோ அதிர்ச்சி தரலாம்.”

“பிரேசிலு?”

“சந்தேகம்தான்.”

கொண்டை ஊசி வளைவில் அவர் முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தார். முன் கண்ணாடியில் சாலை இல்லை, பள்ளம்தான் தெரிந்தது.

பின்னால் மிளகு மூட்டையோடு உட்கார்ந்திருந்த பெண் கத்தினார்: “பிரேசிலுன்னே சொல்லித் தொலைங்க சார்! ஊட்டுல புள்ளைங்க இருக்குதுங்க.”

“பிரேசில்தான்” என்றேன்.

மகிழ்ச்சியில் ஓட்டுநர் மறுபடியும் திரும்பி, ஸ்டியரிங்கை விட்டு எனக்குக் கை கொடுத்தார்.

உங்கள் அணி எதுவென்று எழுதுங்கள். எதுவானாலும் ஒப்புக்கொள்கிறேன்.