அக்காவின் ஒறுத்தல்

என் வீட்டு மாதா சுரூபத்தின் காலடியில் அக்கா தன் இன்ஹேலரை வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. வாய் வைக்கும் இடத்தைக் கைக்குட்டையால் துடைத்து, மூடியை அழுத்தி மூடி, மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அன்று சாம்பல் புதன். தவக்காலம் முழுக்க எங்கள் திண்டுக்கல் வீடுகளில் ஆளாளுக்கு எதையாவது ஒறுத்துக்கொள்வார்கள். கறி, வெற்றிலை, டிவி என்று அவரவருக்கு எது விட முடியாததோ அது. நான் டீயை விட்டேன். அக்கா மருந்தை விட்டாள்.

தொடங்கிவைத்தவள் நான்தான். முந்தின ஞாயிறு பூசைக்குக் கிளம்பும் அவசரத்திலும் வாசல் வரை போன அக்கா திரும்பி வந்து மருந்தை இழுத்ததைப் பார்த்து, "எனக்கு டீ மாதிரி ஒனக்கு இது பழகிப்போச்சுக்கா. நாப்பது நாளு விட்டுப் பாரேன்" என்று கேலி செய்தேன். சிரித்தாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொல்லும் ஆசிரியை, இந்த ஒரு விஷயத்தில் போயும் போயும் என் வாயை நம்பினாள்.

அவளிடம் இரண்டு இன்ஹேலர்கள் இருந்தன. மூச்சு முட்டும்போது மட்டும் இழுப்பது ஒன்று. முட்டினாலும் முட்டாவிட்டாலும் காலையும் மாலையும் இழுக்க வேண்டியது இன்னொன்று. அவள் விட்டது இரண்டாவதை, அத்தானுக்குத் தெரியாமல். நன்றாக இருப்பவளுக்கு மருந்து எதற்கு என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. அந்த மருந்தால்தான் நன்றாக இருந்தாள், மூச்சுக்குழாயின் வீக்கத்தை அதுதான் அமுக்கி வைத்திருந்தது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் மாடிப்படியில் நின்று நின்று ஏறினாள். தவக்காலத்தின் கடைசி ஞாயிறான குருத்து ஞாயிற்றுக்குள் அவசரத்துக்கான இன்ஹேலர் கையைவிட்டு இறங்கவில்லை. பயந்துபோய், போதும் எடுத்துக்கொள் என்றேன்.

"இன்னும் அஞ்சாறு நாளுதானடி. ஆண்டவருக்குக் குடுத்தத பாதியில புடுங்கச் சொல்றியா?"

பெரிய வெள்ளியன்று வெயிலில் சிலுவைப்பாதை நடந்தபோது என் தோளைப் பிடித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் அவள் நெஞ்சில் விசில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பாதி வழியில் சத்தம் நின்றது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன், பாவி. காற்றே போகாத நெஞ்சில் சத்தமும் வராது என்று டாக்டர்தான் சொன்னார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பெரிய வெள்ளியன்று சாகக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார்கள் துக்கத்துக்கு வந்தவர்கள். நான் சுரூபத்தடியில் இருந்ததை எடுத்து ஒளித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

எட்டு வருடம் ஆகிறது. இப்போது அக்கா மகளுக்கும் அதே மூச்சிழுப்பு. டாக்டர் அதே தினசரி மருந்தை எழுதிக்கொடுத்தார். அத்தான் அதை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். "அம்புட்டு வருசம் இழுத்தாளே, அவளக் காப்பாத்துச்சா?" என்று என்னிடமே கேட்டார். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. போன மாதம் அந்தப் பிள்ளை ஒரு வாக்கியத்தை மூன்று மூச்சில் சொல்லி முடித்தாள். அன்றைக்கே அத்தான் முன்னால் உட்கார்ந்து, சாம்பல் புதனிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். விட்டுப் பார் என்றது நான்தான் என்பதையும் சொன்னேன்.

அத்தான் எழுந்தார். பீரோவைத் திறந்து மருந்தை எடுத்து மகள் கையில் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"நீ இனிமே இந்த வீட்டுக்கு வராத."

பிள்ளை மருந்தை இழுத்து, மூச்சை உள்ளே நிறுத்தி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். பத்தாவது விரல் மடங்கும்வரை வாசலில் நின்றுவிட்டு வந்தேன்.