ஸ்பூக்கி

அந்தச் சொல்லை எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். எழுபதுகளின் கடைசி. பக்கத்து டவுனான தானா ராத்தாவில் தங்கியிருந்தவள், படம் பிடிக்க மலைக்கு வந்திருந்தாள். பனி இறங்கித் தேயிலைச் செடிகளை மூடியதும் "ஸ்பூக்கி!" என்று கத்திச் சிரித்தாள். எனக்கு மேல் நிரையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த என் தோழி மூன்றாம் படிவம் வரை படித்தவள். அவளிடம் அர்த்தம் கேட்டேன்.

"பயமா இருக்கும்டி, ஆனா நல்லாவும் இருக்கும். அதான்."

இது என்ன கூத்து, பயம் எப்படி நன்றாக இருக்கும்? ஆனாலும் ஒரு வாரத்துக்குள் எங்கள் வாயில் அதுதான். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசையின் கடைசியில் பூட்டிக் கிடந்த வீடு ஸ்பூக்கி. கங்காணியின் இருமல் ஸ்பூக்கி. பனிக்குள் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தரம்தான் ஏன் என்று கேட்போம். பேய் இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிடாதாம். அந்த வழக்கமும் ஸ்பூக்கி. தோழிக்கு அதில்தான் கேலி அதிகம்.

"மூணு தரம் கூப்பிடறதுக்குள்ள பொழுதே போயிரும் லா."

ஒரு நாள் மத்தியானம் பனி திடீரென்று இறங்கியது. என் முதுகுக் கூடையைத் திரும்பிப் பார்த்தால் அதுகூடத் தெரியவில்லை. அப்படி இறங்கினால் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும். நின்றேன். வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து அவள் குரல் கேட்டது.

"இரு, வரேன்!"

யாருக்குச் சொல்கிறாள் என்று புரியவில்லை. செடிகள் முறியும் சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. பனி விலகியபோது கால் முறிந்து பள்ளத்தில் கிடந்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு தரம் கூப்பிட்டியே, பள்ளத்துப் பக்கம் ஏன்டி போன?"

நான் கூப்பிடவில்லை என்று சொன்னால் அவள் இனி மலை ஏறவே மாட்டாள். அவள் சம்பளத்தில்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"வழி தவறிட்டேன்டி," என்றேன். "நான்தான் கூப்பிட்டேன். மன்னிச்சிரு."

"ஸ்பூக்கி லா நீ," என்று சிரித்தாள்.

கால் கூடி மறுபடி கொழுந்தெடுக்க வந்தாள். அந்தச் சொல்லும் அவளோடு வந்தது. ஆனால் அவள் சொல்லித்தந்த அர்த்தத்தில் முதல் பாதிதான் எனக்கு மிஞ்சியிருந்தது. பனி இறங்கத் தொடங்கினாலே, வேறு எதுவும் கூப்பிடுவதற்குள், நான் முந்திக்கொண்டு அவள் பேரை மூன்று தரம் கூப்பிட்டுவிடுவேன்.