மாமரத்துத் தராசும் மச்சாளின் அம்மியும்

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறு பேரும் ஆளாகி நிற்கிறார்கள். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. கை மெதுவாகத்தான் ஓடும். ஆனாலும் இதை நானே எழுதவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அவசரம் ஒன்றுமில்லை.

கடைசி மகன் பெரிய லொறி ஓட்டுகிறான். இழுக்கிற தலை தனி, பின்னால் நீட்டுப் பெட்டி தனி. நீர்வேலியில் வெங்காயமும் பீற்றூட்டும் ஏற்றி, மேலே வாழைக்குலை அடுக்கிக் கொழும்புக்குக் கொண்டுபோவான். ஏற்றுகிற இடத்தில் லொறியோடு சேர்த்து நிறுக்கிற பெரிய தராசு உண்டு. சட்டம் எவ்வளவு விடுமோ அவ்வளவையும் வியாபாரி ஏற்றிவிடுவார். அதற்கு மேல் ஒரு தேங்காய்க்கும் இடமில்லை. பிறகு மகன் குளித்துச் சாப்பிட வீட்டுக்கு வந்து, வாசல் மாமரத்தடியில் லொறியை விடுவான். வினை அங்கேதான் தொடங்கும்.

லொறி கொழும்புக்குப் போகிறது என்றால் எங்கள் ஊர் சும்மா இருக்காது. அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கென்று ஒடியல் மா, பனங்கட்டி, மிளகாய்த்தூள், முருங்கைக்காய்க் கட்டு என்று வந்துகொண்டே இருக்கும். எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, இது ஒரு சின்னப் பார்சல்." என் மகனுக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. தகப்பனும் அப்படித்தான்.

போன மாரியில் அவனை வழியில் மறித்து நிறை பார்த்தார்கள். சின்னப் பார்சல்கள் எல்லாம் சேர்ந்து காட்டிக்கொடுத்துவிட்டன. சாவகச்சேரிக் கோட்டில் என் பிள்ளை தலை குனிந்து நின்றான். இன்னொரு தரம் நிறை கூடினால் லைசன்ஸ் இல்லை என்று நீதவான் சொல்லிவிட்டார். லைசன்ஸ் போனால் அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

அடுத்த பயணத்துக்கு லொறி வந்து நின்றபோது, நான் ஏற்கெனவே வேலையை முடித்திருந்தேன். மாமரக் கொப்பில் ஒரு நீட்டு மரச்சட்டத்தை நடுவில் கயிறு போட்டுத் தொங்கவிட்டு, இரண்டு முனையிலும் சாக்குக் கட்டியிருந்தேன். எனக்குக் கிலோக் கணக்குத் தேவையில்லை. எது தாழ்கிறது என்று பார்க்கக் கண் போதும்.

பார்சல்காரர் வந்தார்கள். "எல்லாம் ஏறும். ஆனா ஏறுற அளவுக்கு லொறியாலை ஏதேனும் இறங்கவேணும்" என்றேன்.

"என்னணை இறக்கிறது? வெங்காயத்தையோ?" என்று மகன் பயந்தான்.

"உன்ரை குப்பையை இறக்கு!"

ஏற்றுகிற இடத்தில் நிறுத்தபோது, லொறிக்குள் அவன் சேர்த்துவைத்த குப்பையும் சேர்ந்துதானே நிறையில் வந்தது? சீற்றுக்குப் பின்னால் இருந்தும் பெட்டிக்கு அடியில் இருந்தும் வந்தன பாருங்கள்: கறள் பிடித்த சங்கிலி, உடைந்த வில்லுத் தகடு, சாமான் மூடி ஈரம் குடித்த பழைய படங்கு, கல்லாய் இறுகிய அரை மூட்டைச் சீமெந்து. "உதெல்லாம் ஒருநாளைக்குத் தேவைப்படும் அம்மா" என்றான். அந்த ஒருநாள் இன்றைக்கு என்றேன். ஒரு சாக்கில் குப்பை, மறு சாக்கில் பார்சல். பார்சல் பக்கம் தாழ்ந்தால், சமமாகும்வரை இன்னும் குப்பை இறக்கினால்தான் ஏற்றவிட்டேன். ஒவ்வொன்றாய் எல்லாம் ஏறின.

கடைசியாக வந்தார் மச்சாள், என் மனிசனின் தமக்கை. பக்கத்து வீடு. கைவண்டியில் தள்ளி வந்ததை, அங்கே நின்ற ஆட்களைக் கொண்டு லொறியடியில் இறக்குவித்தார்.

"உதென்ன மச்சாள்?"

"கண் தெரியேல்லையே? அம்மி. மிக்சியிலை அரைக்கிற சம்பல் என்ரை மோளுக்கு வாயிலை வைக்கேலாதாம்."

"லொறியிலை இனி இறக்க ஒண்டுமில்லை. அம்மி ஏறினா ஆர் இறங்கிறது?"

"உன்ரை மோனை இறக்கு. அவன்ரை தொந்தியும் என்ரை அம்மியும் ஒரே நிறைதான்."

நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மகனும் சிரித்துக்கொண்டே, "சரி மாமி, ஒரு அம்மிதானே..." என்று குனிந்தான்.

நான் போய் அந்த அம்மிமேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இப்ப ஏத்துங்கோ பாப்பம். என்னையும் சேத்துத்தான் ஏத்தவேணும்."

"இந்த வயசிலை உனக்கு வெக்கமில்லையே?"

"என்ரை பிள்ளை கோட்டிலை நிண்ட அண்டைக்கே அதெல்லாம் போயிட்டுது மச்சாள். தம்பி, லொறியை எடு!"

எடுத்தான். லொறி சந்தி திரும்பும்வரை நான் எழும்பவில்லை. மச்சாள் அம்மியை அப்படியே விட்டுவிட்டு விறுவிறென்று போய்விட்டார்.

பின்னேரம் போன் அடித்தது.

"அம்மா, மறிச்சவங்கள். போன தரம் மறிச்ச அதே இடம்."

"பிறகு?"

"நிறை பாத்தவங்கள். அளவுக்குள்ளைதான் நிக்குது. போகச் சொல்லிப்போட்டாங்கள்!"

"ஓம், பாத்துப் போ" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பிறகு முற்றத்துக்கு வந்து மாமரத்தைப் பார்த்து நின்றேன். தேர் வீதி சுற்றி நல்லபடி தன் இருப்பிடத்துக்கு வந்து சேர்ந்ததுபோல இருந்தது நெஞ்சு.

மச்சாள் என்னோடு கதைக்கவில்லை. அம்மி என் முற்றத்திலேயே கிடந்தது. சும்மா கிடப்பானேன் என்று கழுவி, செத்தல் மிளகாய் வறுத்து, இடிசம்பல்போல தண்ணீர் விடாமல் அரைத்து ஒரு போத்தலில் அடைத்தேன். அடுத்த லொறியில் அது மச்சாளின் மகளுக்குப் போனது. அதற்கு ஈடாக மகனின் ஒரு சோடிப் பழஞ்செருப்பை இறக்கினேன்.

சில நாள் கழித்து வேலிக்கு அங்காலே செருமல் கேட்டது.

"மோள் போன் எடுத்தவள். அந்தச் சம்பல் இன்னொரு போத்தல் போகுமோ எண்டு கேக்கிறாள்."

"போகும் மச்சாள். போத்தலுக்கு எப்பவும் இடமிருக்கு."

இன்றுவரை என் மகனின் லைசன்ஸ் அவன் சட்டைப் பையில்தான் இருக்கிறது. தராசும் மாமரத்தில்தான் தொங்குகிறது.

பேத்தி, இஞ்சை வா மோளே. அப்பம்மா எழுதினதை ஒருக்கா வாசி, கேப்பம். அம்மி வாற இடத்தைக் கொஞ்சம் சத்தமாய் வாசி. மச்சாள் வேலியடியிலைதான் நிக்கிறா.