ஒரு பாட்டில் கிருஷ்ணாயில்

கோழி இருக்கிற வரைக்கும் புளியந்தோப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று இருதயம்மாள் சொல்லிவிட்டாள். அங்கே ஹவுசிங் போர்டில், ஏழாவது மாடியில் மகள் சுகிர்தத்தின் வீடு. சடையங்குப்பத்தில் ஒவ்வொரு மழைக்கும் வாசலில் தண்ணீர் ஏறுகிறதே, இந்தத் தனிக்குடித்தனம் யாருக்காக என்று சுகிர்தம் வருஷா வருஷம் வந்து மல்லுக்கட்டுவாள்.

"அங்க கோழி வளக்க வுடுவாங்களாடி?"

"ஏழாவது மாடில எவன்மா கோழி வளக்கறான்? ரூம்பு கீது, ஃபேன் கீது. வந்து குந்திக்கினு இரு."

"அப்ப நா வரல."

பேச்சு அத்தோடு முடியும். சுகிர்தம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அம்மா தருகிற பத்து முட்டையையும் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறுவாள். கோபம் வேறு, முட்டை வேறு.

இருதயம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது. புருஷன் சிலுவைமுத்து மணலியில் டேங்கர் லாரி கழுவிக்கொண்டிருந்தவர். அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். விட்டுப்போனது ஒன்றரை சென்ட் மனையும், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடும், ஒரு முருங்கைமரமும். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பார்த்தாள். அடுத்தவர் சமையலறையில் நின்று பேச்சு வாங்குவது அவளுக்கு ஒத்துவரவில்லை. ஒரே ஒரு பெட்டைக்கோழியோடு ஆரம்பித்தாள். இப்போது பதினோரு பெட்டை, ஒரு சேவல். உடைந்த லாரிப் பலகையில் கூடு. ரேஷன் அரிசி நொய்யும் முருங்கைக்கீரையும் மீன் கழிவும் அதுகளுக்குத் தீனி. மீன் கழிவைத் தள்ளிவிட்டால் அவள் சாப்பாடும் அதேதான். புதுப்புடவை எடுத்து மூன்று கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது. அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் கூட்டைத் திறந்ததும் எல்லாம் வந்து காலைச் சுற்றும். அந்த நேரத்தில் அவள் யாருக்கும் பாரமில்லை.

பத்துப் பெட்டைகள் சொன்ன பேச்சு கேட்கும். பதினோராவதுக்குப் பெயரே ரவுடி. கருப்பு நிறம், மொட்டைக் கழுத்து. கூட்டில் அடையாது, முருங்கைமரத்தில்தான் படுக்கும். மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட அவள் கையில் சிக்கியதில்லை. "இந்தக் கிறிஸ்மஸுக்கு உன்ன கொழம்பு வெக்கறேன் பாரு" என்று மரத்தைப் பார்த்துத் திட்டுவாள். திட்டிவிட்டு மரத்தடியில் அதற்கென்று தனியாக ஒரு பிடி நொய் போடுவாள்.

இந்தக் கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் வாய்க்கால் ததும்பி வாசலுக்கு வந்தது. தண்ணீரின் மேல் கறுப்பாக ஆயில் மிதந்து வந்தது. எந்தக் குழாயிலிருந்து என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவன் வாயைத் திறக்கவில்லை. இருதயம்மாள் முழங்கால் தண்ணீரில் கூட்டை நோக்கி ஓடினாள். கீழ்த்தட்டு முங்கிக்கிடந்தது. உள்ளே கையை விட்டு ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டிலின் மேல் போட்டாள். எல்லாவற்றுக்கும் உயிர் இருந்தது. ஆனால் கழுத்துவரை தார் பூசியதுபோல ஆயில். ரவுடி வழக்கம்போல நொய் தின்ன மரத்திலிருந்து குதித்து, வயிறுவரை நனைந்து, அலறிக்கொண்டு மறுபடி மரமேறிவிட்டது.

ஆயில் பட்டால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் என்று எழுதியிருப்பார்கள். வடசென்னையில் அதற்குப் பெயர் கிருஷ்ணாயில். கோயிலுக்குப் போகிறவனுக்கும் கிருஷ்ணாயில்தான், சர்ச்சுக்குப் போகிற இருதயம்மாளுக்கும் எதிர்வீட்டு அஜீசாவுக்கும் கிருஷ்ணாயில்தான். ஆற்றில் வலை வீசிவிட்டு வரும் பக்கத்து வீட்டு வல்லரசு, காலெல்லாம் ஆயிலாக வந்தால் அதில் துணியை நனைத்துத் துடைத்துக்கொள்வான். இருதயம்மாளும் சிலுவைமுத்துவின் கையை இருபது வருஷம் தினமும் சாயங்காலம் அப்படித்தான் துடைத்துவிட்டாள்.

"யக்கா, ஊறவுடாத. கிருஷ்ணாயில் போட்டு தொடச்சிடு" என்று வல்லரசு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தான்.

"எனக்குத் தெரியாதாடா? பாட்டில்ல கீது."

பழைய புடவையைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு சிறகாக விரித்து, வேர்வரை விரல் விட்டு, குழந்தையைத் துடைப்பதுபோலத் துடைத்தாள். பிறகு சோப்பு, வெந்நீர். பத்துப் பெட்டையும் சேவலும் சுத்தமாகிவிட்டன. அவளுக்குப் பெருமைகூட வந்தது. ரவுடி மட்டும்தான் பாக்கி. வல்லரசு துரட்டியோடு வந்தான். அது மரத்திலிருந்து கூரைக்குத் தாவி, அங்கிருந்து அவனைப் பார்த்துக் கொக்கரித்தது.

"ஆயிலோடயே கெடந்து சாவு, போ" என்றாள் இருதயம்மாள்.

மத்தியானம் செவலைக்கோழி தலையைத் தொங்கப்போட்டது. மஞ்சள் அரைத்து ஊட்டினாள், இறங்கவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தன. சிறகை விலக்கிப் பார்த்தால் தோல் வெந்ததுபோலச் சிவந்திருந்தது. சர்ச்சில் சாயங்கால மணி அடிக்கும்போது ஏழு போய்விட்டன. மறுநாள் காலையில் கூவுவதற்குச் சேவல் இல்லை. துடைத்ததில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தண்ணீர் வடிந்தபிறகு, மாடுகளைப் பார்க்க வந்த கால்நடை டாக்டரம்மா வாசலில் வரிசையாகக் கிடந்தவற்றைப் பார்த்து நின்றார். குனிந்து முகர்ந்தார்.

"எதுல கழுவினீங்கம்மா?"

"கிருஷ்ணாயில்ல."

டாக்டரம்மா ஒன்றின் சிறகை விலக்கி வெந்த தோலைக் காட்டினார். "நம்ம தோல் மாதிரி இல்லம்மா இதுங்களுக்கு. உள்ள இழுத்துக்கும். வெறும் சோப்புத் தண்ணி போதும். சும்மா விட்டிருந்தாக்கூட ஒண்ணு ரெண்டு பொழைச்சிருக்கும்."

அப்போது கூரைமேல் ரவுடி கொக்கரித்தது. வயிற்றில் ஆயில் காய்ந்து, சிறகு பிசுபிசுவென்று ஒட்டி, பார்க்கவே கண்றாவியாக இருந்தது. ஆனால் உயிரோடு இருந்தது.

"நாந்தான்கா சொன்னேன்" என்று வல்லரசு தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ சொன்ன. தொடச்சது என் கை."

அவனே முருங்கைமரத்தடியில் குழி வெட்டினான். அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

சேதி கேட்டுச் சுகிர்தம் அன்று மத்தியானமே ஆட்டோவோடு வந்துவிட்டாள். இந்தத் தடவை சண்டை போடவில்லை. அம்மாவின் துணிகளைப் பையில் எடுத்துவைத்துவிட்டு வாசலில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ரவுடி கூரையிலிருந்து இறங்கியது. முற்றத்தில் அங்கும் இங்கும் நடந்து, கூட்டுக்குள் எட்டிப்பார்த்தது. ஒன்றையும் காணோம். பிறகு, மூன்று வருஷத்தில் முதல்முறையாக, நேராக இருதயம்மாளிடம் வந்து அவள் கால்விரலைக் கொத்தியது. கை நீட்டினால் பிடித்துவிடலாம். அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கிட்ட வராத. தூரப் போ."

"ஒண்ணு கீதேம்மா" என்றாள் சுகிர்தம். கோழி இருக்கிற வரைக்கும் என்று அம்மா சொல்வது அவளுக்கும் மனப்பாடம். "இதுக்காகத் திரும்பவும் வரமாட்டேன்னு சொல்லப்போறியா?"

"இதுக்கு நா வேணாம்டி. என் கை படாததாலதான் இது கீது."

எழுந்துபோய் நொய்ப்பானையை வல்லரசின் வேலியோரம் வைத்தாள். மரத்தடியில் போட்டால் போதும், பிடிக்க வேண்டாம் என்று அவனிடம் சொன்னாள். ஆட்டோவில் ஏறியதும் கையை மறுபடி முந்தானைக்குள் இழுத்துக்கொண்டவள், மணலி தாண்டும்வரை வெளியே எடுக்கவில்லை.

"குளுருதாம்மா?" என்று சுகிர்தம் கேட்டாள்.

"இல்லடி. நாத்தம் போகல."